அப்பாவின் ரத்தத்தில் ஏறிய எண்

கண்ணாடிக் கடைக்கு மேலே இருந்த அந்த அறையின் கதவில் 'தனியார் விசாரணை' என்று மட்டும் எழுதியிருந்தது. உள்ளே ஒரு மேசை, அதன் பின்னால் நரைத்த தலையை இறுக்கிப் பின்னிய ஒரு பெண்மணி. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒரு மேசை மின்விசிறியைக் குடல் குடலாகப் பிரித்துப் போட்டிருந்த கனத்த மனிதர் ஒருவர்.

"உட்காருங்க" என்றாள் பெண்மணி.

"உட்கார வரல. என் அண்ணி எங்கப்பாவைக் கொன்னுட்டிருக்கா. எனக்கு ஆதாரம் வேணும். நாளைக்குக் காலையில போலீசுக்குப் போறேன்."

வந்தவளுக்கு முப்பத்தெட்டு வயது. நாடகக் கம்பெனிகளுக்கு உடை தைப்பவள். வீட்டில் கடைக்குட்டியாகப் பிறந்த ஒரே குற்றத்துக்காக இன்று வரை அவளுக்குப் பொடிசு என்றே பெயர். வாசல் வரை வரும் கூரியர்காரன்கூட அப்படித்தான் அழைப்பான். அண்ணியைப் பற்றிய அந்தச் சொற்களைப் படியேறும்போதே மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்திருந்தாள். வெளியே வந்து விழுந்தபோது அவை வேறு யாரோ சொன்னதுபோல் இருந்தன. இவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடிந்ததே என்று ஒரு கணம் திகைத்தாள்.

மின்விசிறிக்காரரின் கையிலிருந்து திருகாணி உருண்டு ஓடியது. "கொன்னுட்டிருக்காங்கன்னா? இன்னும் முடிக்கலையா?"

"ஏங்க" என்றாள் பெண்மணி, குரலை உயர்த்தாமல். அவர் வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

அரசாங்க விஷப் பரிசோதனைக் கூடத்தில் வெகுகாலம் வேலை பார்த்தவள் அந்தப் பெண்மணி. அதனால் அந்தத் தெருவில் அவள் லேப் அம்மா. மின்விசிறிக்காரர் அவளுடைய கணவர். ரயிலில் கார்டாக இருந்தவர். பச்சைக் கொடி காட்டாமலே கிளம்பிவிடும் சுபாவம் என்பதால் மனைவிக்கு உதவியாளராக மட்டுமே வைத்துக்கொள்ளப்பட்டிருந்தார்.

பொடிசு கைக்குட்டையைப் பிரித்து மேசைமேல் வைத்தாள். கழுத்து உடைந்த சிறிய கண்ணாடி மருந்துக் குப்பி ஒன்று. பக்கத்தில் அப்பாவின் ரத்தப் பரிசோதனை முடிவு.

"அப்பாவுக்கு இதயம் பலவீனம். மாத்திரை சாப்பிட்டு நல்லாத்தான் இருந்தார். இப்ப கொஞ்ச காலமா கால் வீங்குது, மூச்சு வாங்குது, படுக்க முடியல, உட்கார்ந்தே தூங்குறார். ரத்தத்துல ஒரு ஹார்மோன் பல மடங்கு ஏறியிருக்குன்னு போன மாசம் டாக்டர் சொன்னார். நேத்து பார்த்தா இன்னும் ரெண்டு மடங்கு. ஹார்மோன் தானா எப்படிங்க ஏறும்? எங்க அண்ணி மாட்டுப் பண்ணையில வேலை பார்க்கிறா. மாட்டுக்கு ஹார்மோன் ஊசி போடுறது அவ கைதான். இந்தக் குப்பி அவ பையில இருந்துச்சு."

கார்டு எழுந்தே விட்டார். "இதுக்கு மேல என்னம்மா வேணும்? கையும் குப்பியுமா..."

லேப் அம்மா குப்பியை வெளிச்சத்தில் திருப்பி, தேய்ந்த எழுத்தைப் படித்தாள். பிறகு ரத்தப் பரிசோதனையைப் படித்தாள். அங்கே அவள் புருவம் சற்றே அசைந்தது. அது பொடிசுக்குத் திருப்தியாக இருந்தது.

"வீட்டுல யார் யார்?"

"அப்பா, அண்ணி, நான். அண்ணன் கப்பல்ல எஞ்சினியர். வருஷத்துல பாதி நாள் கடல்லதான்."

"சமையல்?"

"அவதான். உப்பில்லாத சமையல். உப்பு டப்பாவை அலமாரியில வெச்சுப் பூட்டிச் சாவியை இடுப்புல செருகிக்கிறா. யார் வீட்டுலயாவது உப்பைப் பூட்டுவாங்களா? மாத்திரையும் அவ கையாலதான். குடிக்கிற தண்ணிக்கும் ஒரு கூஜா, அதுல ஒரு கோடு. கோட்டைத் தாண்டி ஒரு சொட்டு கிடையாது. அப்பா தாகம் தாகம்னு அழுவாரு, அவ கல்லு மாதிரி நிப்பா."

"நடுவுல எப்பவாவது வீக்கம் குறைஞ்சதா?"

"குறைஞ்சது. நாடகக் குழுவோட நான் வெளியூர் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தா அப்பா கேட் வரைக்கும் நடந்து வந்து நின்னாரு. நான் வந்த அடுத்த வாரமே பழையபடி." அவள் குனிந்து, ரகசியம்போல் சொன்னாள்: "அங்கதாங்க அவ சாமர்த்தியம். நான் இல்லாதப்ப நல்லா வெச்சிருந்து, நான் வந்ததும் ஆரம்பிச்சா, நாளைக்குப் பழி யார்மேல வரும்?"

லேப் அம்மா அவளை நெடுநேரம் பார்த்தாள். அந்தப் பார்வையில் சந்தேகம் இல்லை. வேறு ஏதோ இருந்தது. பொடிசுக்கு அது பிடிக்கவில்லை.

"இன்னிக்குச் சாயங்காலம் நாங்க வர்றோம். அதுவரைக்கும் போலீஸ் வேண்டாம். யாருன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போவீங்க?"

"வேஷத்துக்கு அளவு குடுக்க வந்தவங்கன்னு சொல்றேன்."

"என்ன வேஷம்?" என்றார் கார்டு ஆவலாக.

"ராஜா வேஷம்தான் இப்போ தைக்கிறேன்."

அவர் தொந்தியை உள்ளே இழுத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தார். "பார்த்தியா?"

---

கூடத்தில் அப்பா சாய்வு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நாள் முழுக்க பஸ் ஓட்டியே வாழ்நாளைக் கழித்த மனிதர். இப்போதும் கைகள் இரண்டும் இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பதுபோல் மடியில் கிடந்தன. முழங்காலுக்குக் கீழே கால்கள் தூண் மாதிரி. லேப் அம்மா நலம் விசாரிப்பதுபோல் குனிந்து, கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தாள். அங்கே ஒரு குழி விழுந்து, அப்படியே நின்றது.

"எஞ்சின்ல தண்ணி ஏறிடுச்சும்மா" என்று சிரித்தார் அப்பா. சிரிப்பு முடியும் முன்பே மூச்சுத் திணறியது.

அண்ணி அடுக்களையிலிருந்து கையைத் துடைத்தபடி வந்தாள். உயரம், ஒல்லி, தேவைக்கு மேல் ஒரு சொல் பேசாதவள். பண்ணை வேலையில் புறங்கை முழுக்க வெடிப்பு. அம்மா இறந்த பிறகு இந்த வீட்டின் அடுக்களை தனக்கு வரும் என்று பொடிசு நினைத்திருந்தாள். கேட்காமலே அது அண்ணியிடம் போனது. அண்ணி எதையும் பிடுங்கவில்லை. அம்மா விட்ட இடத்திலிருந்து பாத்திரத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள், அவ்வளவுதான். பொடிசால் மறக்க முடியாததும் அதைத்தான்.

"ராஜாவுக்குப் பசிக்குது" என்றார் கார்டு. "வீட்டுல எதாவது இருக்காம்மா?"

அண்ணி ஒரு கிண்ணத்தில் சூப்பைக் கொண்டுவந்து வைத்தாள். "மாமாவுக்கு வெச்சது. பிடிக்காது உங்களுக்கு."

கார்டு ஒரு கரண்டி வாயில் வைத்தார். அவர் முகம் தண்டவாளத்தில் மாடு நிற்பதைக் கண்ட ஓட்டுநரின் முகமானது. லேப் அம்மா அதே கரண்டியை வாங்கிச் சுவைத்து, மெல்லத் தலையாட்டினாள். ஒரு கல் உப்பு இல்லை.

"மாத்திரை குடுத்தா வேலை செய்யுதா?" என்று அண்ணியிடம் கேட்டாள்.

"காலையில குடுத்ததும் பாத்ரூமுக்கும் நாற்காலிக்குமா ஓடுறாரு. நான் கைப்பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன். நல்லாத்தான் போகுது." அண்ணி கொஞ்சம் தயங்கினாள். "போகுது. ஆனா குறையல. ஏன்னே தெரியல."

அவள் குரல் அப்போது உடைந்தது. நடிப்பு என்று பொடிசு தனக்குச் சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

லேப் அம்மா, தானும் ஒரு காலத்தில் லேப்பில் வேலை பார்த்தவள்தான் என்று சொல்லி, டாக்டரின் எண்ணைக் கேட்டு வாங்கி, வாசலுக்குப் போய்ச் சிறிது நேரம் பேசிவிட்டு வந்தாள். பிறகு எல்லாரும் பொடிசுவின் தையலறைக்குப் போனார்கள்.

அந்த அறைதான் அவளுடைய ராஜ்ஜியம். சுவரில் அட்டைக் கிரீடங்கள், பாதி தைத்து நிற்கும் ஒரு வெல்வெட் அங்கி. ஜன்னலோரம் ஒரு நீண்ட பலகை நெடுக விரல் பருமனான பிளாஸ்டிக் குழாய்கள், மூடி மேலே பார்க்க, ஒரு படை போல் நின்றன. ஒன்றில் ஊசி, ஒன்றில் கொக்கி, ஒன்றில் முத்து, ஒன்றில் ஜிகினா. எது எங்கே என்று அவள் கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள்.

"அட, அட!" கார்டு கையை விரித்து நின்றபடி, அளவு நாடா கழுத்தில் தொங்க, ஒரு குழாயை எடுத்து மூடியைத் திறந்து மூடினார். "தூண்டில் முள்ளு போட்டு வைக்க இது மாதிரி ஒண்ணைத்தான் தேடிட்டிருந்தேன்."

"எடுத்துக்கோங்க, நிறைய இருக்கு. மூடிக்குள்ள ஈரத்தை உறிஞ்சுற மருந்து இருக்கும். ஊசி துருப்பிடிக்காது. எங்க தொழில்ல எல்லாருமே இதைத்தான் வெச்சுக்குவோம். ஆனா மத்தவங்க கெஞ்சிக் கூத்தாடி ஒண்ணு ரெண்டு சேர்ப்பாங்க." பெருமை அவளை அறியாமல் குரலில் ஏறியது. "பெட்டி பெட்டியா இருக்கு என்கிட்ட. கட்டிலுக்கடியிலகூட."

லேப் அம்மா கணவரின் கையிலிருந்து குழாயை வாங்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அதன் மேல் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

அப்போது கதவருகே செருப்பு இழுபடும் சத்தம். அப்பா. சுவரைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். உள்ளே விருந்தாளிகள் இருப்பதைக்கூடப் பொருட்படுத்தாமல், குழந்தைபோல் நாக்கை வெளியே நீட்டிக் காட்டினார். வறண்டு, வெடித்திருந்தது.

"பொடிசு... ஒரு வாய்..."

அவளுக்கு நெஞ்சு உருகியது. ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு வில்லையை எடுத்துச் சின்னக் கண்ணாடி டம்ளரில் போட்டு, தீர்த்தம்போல் கொஞ்சமே கொஞ்சம் தண்ணீர் ஊற்றினாள். வில்லை சீறிக்கொண்டு சுழன்றது. ஆரஞ்சு வாசனை அறையில் பரவியது. அப்பாவின் கண்கள் அந்த நுரையையே பார்த்தன. நாள் முழுக்க அவர் முகத்தில் வராத வெளிச்சம் அப்போது வந்தது. அந்த வெளிச்சம் அவளுக்கு மட்டும் சொந்தம். அண்ணியின் கூஜாவால் அதை ஒருநாளும் கொண்டுவர முடியாது.

"வைட்டமின்தான்" என்று லேப் அம்மாவிடம் கிசுகிசுத்தாள். "சத்து. தாகத்துக்கும் ஆச்சு. அண்ணிக்குத் தெரிஞ்சா டம்ளரையும் பூட்டிடுவா. சொல்லிடாதீங்க, பாவம்."

அப்பா டம்ளரை வாங்கக் கை நீட்டினார். லேப் அம்மாவின் முழங்கை அதில் இடித்தது. டம்ளர் கவிழ்ந்து, ஆரஞ்சு நீர் வெல்வெட் துணியின் ஓரத்தில் ஓடியது.

"அடடா" என்றாள் லேப் அம்மா. முகத்தில் வருத்தமே இல்லை.

"பார்த்து வரக்கூடாதா? தங்கச் சரிகை அது!" பொடிசு துணியை இழுத்துக்கொண்டாள். அப்பா காலி டம்ளரை வெறித்தார். அவர் கண்ணில் நீர் தேங்கியது. இவ்வளவு நிதானமான ஒருத்தி இப்படித் தடுமாறுவாளா என்று பொடிசுக்கு எரிச்சல்தான் வந்தது, வேறெதுவும் தோன்றவில்லை.

"ஏங்க, ஐயாவைக் கூடத்துல உட்கார வைங்க. ஆம்புலன்சுக்குச் சொல்லிடுங்க, அவசரம்னு சொல்லுங்க." லேப் அம்மா பொடிசுவிடம் திரும்பினாள். "உங்க அண்ணியைக் கூப்பிடுங்க. ரெண்டு பேரும் இருக்கணும்."

---

கூடத்தில் அப்பா கண்ணை மூடி மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தார். அண்ணி அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். பொடிசு எதிரே, கதவோரம். இன்னும் சற்று நேரத்தில் அண்ணியின் முகம் மாறப்போகிறது, அதைப் பார்க்க வேண்டும் என்ற வேகம் அவளுக்குள் இருந்தது.

லேப் அம்மா குப்பியை மேசைமேல் வைத்தாள். "இது உங்களோடதுதானே?"

"பண்ணையோடது" என்றாள் அண்ணி. "எங்க எடுத்தீங்க?"

"ஏன் பையில வெச்சிருந்தீங்க?"

"உடைச்ச கண்ணாடியைப் பண்ணைக்குள்ள எங்கயும் போடமாட்டோம். ஒரு சில்லு தீவனத்துல கலந்துட்டா மாட்டோட குடல் கிழிஞ்சிரும். ஊசி போட்டவங்களே பத்திரமா வெளியே கொண்டுபோய்க் கழிவுத் தொட்டியில போடணும். போடறதுக்குள்ள காணாமப் போச்சு. ரெண்டு நாளாத் தேடுறேன்."

"இது மாடு பால் இறக்கறதுக்குப் போடுற மருந்து" என்றாள் லேப் அம்மா, பொடிசுவைப் பார்த்து. "உங்க அப்பா ரத்தத்துல ஏறியிருக்கிறது இது இல்ல. அது வேற ஹார்மோன். அதை யாரும் ஊசியில ஏத்தல. அதை உண்டாக்கினது உங்க அப்பாவோட இதயம்."

"இதயமா?" என்றார் கார்டு. "இதயம் பம்புதானே? அது எங்க ஹார்மோனைச் சுரக்கும்?"

"நம்ம எல்லாருமே அதை வெறும் பம்புன்னுதான் நெனைக்கிறோம். அது ஒரு சுரப்பியும்கூட. உடம்புல உப்பு சேர்ந்தா கூடவே தண்ணி சேரும். அந்தத் தண்ணியெல்லாம் ரத்தத்தோட இதயத்துக்குள்ள வந்து, அதோட சுவரை இழுத்து விரிக்கும். விரிஞ்சதும் இதயம் இந்த ஹார்மோனை விடும். அது ரத்தத்தோட சிறுநீரகத்துக்குப் போய், 'உப்பை வெளியே தள்ளு, தண்ணியும் போகட்டும்'னு சொல்லும். ரத்தக்குழாய்களைப் பார்த்து, 'இறுக்கத்தை விடு'ன்னு சொல்லும். ஆரோக்கியமான ஆளுக்கு ஒரு தடவை சொன்னாப் போதும். பலவீனமான இதயம் கத்திக்கிட்டே இருக்கும். கேட்கிறவங்களும் களைச்சுப் போயிடுவாங்க. டாக்டர் அளந்தது விஷத்தை இல்லம்மா. அந்தக் கூப்பாட்டை."

பொடிசுவின் கையிலிருந்த துணி நழுவியது. இத்தனை நாளாக ஓர் எண்ணை அண்ணியின் பெயர்போலப் பார்த்து வந்திருக்கிறாள். அது அப்பாவின் சொந்த நெஞ்சிலிருந்து வந்தது என்றால்? அண்ணி ஊசி போடவில்லை என்றால்?

அந்தச் செய்தி உள்ளே இறங்கியபோது அவளுக்குள் முதலில் எழுந்தது நிம்மதி இல்லை. ஏமாற்றம். அதை அவள் அடையாளம் கண்டுகொண்டாள்.

"அப்ப அந்த இதயம் ஏன் கத்துது?" லேப் அம்மா தொடர்ந்தாள். "ஒண்ணு, மாத்திரை போலியா இருக்கணும். இல்ல. காலையில மாத்திரை குடுத்ததும் ஐயா ஓடுறார். ரெண்டாவது, எங்கிருந்தோ உப்பு உள்ளே வரணும். டாக்டர்கிட்ட கேட்டேன். போன வாரம் ஒருநாள் முழுக்கப் பிடிச்ச சிறுநீர்ல, இந்தச் சமையல் சாப்பிடுறவருக்கு இருக்கவே கூடாத அளவுக்கு உப்பு போயிருக்கு. உள்ளே போகாதது வெளியே வராது. வீட்டுல யாரோ உப்பு குடுக்கிறீங்கன்னு டாக்டர் மருமகளைக் கண்டபடி திட்டியிருக்கார்."

அண்ணி தரையைப் பார்த்தாள். "அன்னைக்குத்தான் உப்பைப் பூட்டினேன். நாமளே அசந்து மறந்து போட்டுடறோமோன்னு என்மேலயே எனக்குப் பயம் வந்துருச்சு. அதுக்கப்புறமும் குறையலன்னதும்..." அவள் முடிக்கவில்லை.

"அப்ப உப்பு அடுக்களை வழியா வரல. வேற வழியா வருது. உங்க நாத்தனார் ஊர்ல இல்லாதப்ப அது வரல. திரும்பினதும் வந்துச்சு." லேப் அம்மா பையிலிருந்து அந்தப் பிளாஸ்டிக் குழாயை எடுத்தாள். குரலில் கடுமை துளியும் இல்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. "தண்ணியில போட்டா இந்த வில்லை சீறுது பாருங்க. சீறுறதுக்குச் சோடா உப்பு வேணும். அதுல இருக்கிறதும் சாப்பாட்டு உப்புல இருக்கிற அதே சோடியம்தான். நாக்குக்கு உப்புக் கரிக்காது; ஆரஞ்சு இனிப்பு மறைச்சிடும். ஒரு வில்லைக்கு ஒரு தாராளமான சிட்டிகை உப்புன்னு வெச்சுக்கோங்க. நல்ல உடம்புக்காரங்களுக்கு இது ஒண்ணுமே இல்ல. இவருக்கு... ஒரு நாளைக்கு எத்தனை குடுக்கிறீங்க?"

பொடிசுவின் கண் தையலறைக் கதவுக்குப் போனது.

"நீங்க சொல்ல வேண்டாம். இந்த வில்லை தீர்ந்த காலிக் குழாய்தான் இது. மத்த தையல்காரங்க ஒண்ணு ரெண்டு சேர்க்கக் கெஞ்சுறாங்க. உங்க கட்டிலுக்கடியில பெட்டி பெட்டியா இருக்கு."

கார்டு, தூண்டில் முள்ளுக்கென்று எடுத்து வந்திருந்த இன்னொரு குழாயை மெதுவாக மேசைமேல் வைத்தார். அது கையைச் சுட்டதுபோல் விரலை எடுத்துக்கொண்டார்.

"தாகம்னு கேட்டாரு" என்றாள் பொடிசு. அது அவள் குரல்தானா? "தாகம்னு கேட்டாரு, அதான்..."

"உப்பு ஏறினா தாகம் எடுக்கும்மா. தாகம் எடுத்ததும் நீங்க மறுபடி அதையே குடுத்தீங்க."

அவள் சுவரோரம் தரையில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு டம்ளரும் நினைவுக்கு வந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் சுழன்ற நுரை. அப்பா உதட்டைத் துடைத்துவிட்டு "நீ ஒருத்திதான்டா எனக்கு" என்று சொல்லும் விதம். அந்த ஒரு வார்த்தைக்காக அவள் எத்தனை வில்லைகளைக் கரைத்தாள்? தாகம் தீர்க்கத்தானா? அவர் சொல்லாத நாட்களில் அவளே போய், "கொஞ்சம் குடிக்கிறீங்களாப்பா?" என்று கேட்டதில்லையா?

வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. அப்பாவைத் தூக்கி வைத்தார்கள். முகத்தில் பிராணவாயு முகமூடி. அண்ணி அவருடைய செருப்பையும் மாத்திரைப் பையையும் எடுத்துக்கொண்டு ஓடினாள். வண்டியில் ஏறும் முன் திரும்பி, சுவரோரம் கிடந்தவளைப் பார்த்தாள்.

"ஊசி போட்டேன்னு நெனச்சியா?"

ஆமாம் என்று பொடிசு தலையை ஆட்டினாள்.

"தினமும் நீதானே அவருக்கு உடம்பு துடைச்சு விடுற. கையில, தொடையில, எங்கயாவது ஊசி குத்தின தடம் பார்த்தியா?"

பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு சாயங்காலமும் ஈரத்துணியோடு சேர்த்து அவள் கண்களும் அப்பாவின் தோலை அங்குலம் அங்குலமாகத் தேடியிருக்கின்றன. ஒரு புள்ளிகூட இருந்ததில்லை. இல்லாததைக் கண்டு அவள் நம்பிக்கை குறையவில்லை. எவ்வளவு சாமர்த்தியமாகக் குத்துகிறாள் என்று வளரத்தான் செய்தது.

"இல்ல" என்றாள்.

அண்ணி மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. "ஏறு. நேரமாகுது" என்றாள்.

---

ஆஸ்பத்திரியில் ஊசி வழியாக மருந்து கொடுத்துத் தண்ணீரை இறக்கினார்கள். நெஞ்சில் இரைச்சல் அடங்கியது. கட்டைவிரல் குழிகள் ஆழம் குறைந்தன. அந்த எண்ணும் மெல்ல இறங்கத் தொடங்கியது. "சரியான நேரத்துல நிறுத்தினீங்க" என்றார் டாக்டர். யார் நிறுத்தினார்கள் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

லேப் அம்மா ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போனாள். கூட வந்த கார்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது பொடிசுவிடம், "நான்கூட முதல்ல அந்தப் பிள்ளையைத்தான் சந்தேகப்பட்டேன்" என்றார். ஆறுதலுக்காகச் சொன்னார். அவள் அதை ஏற்கவில்லை. அவருக்கு அண்ணியைத் தெரியாது. அவளுக்குத் தெரியும்.

மன்னிப்புக் கேட்க அவள் பலமுறை வாயெடுத்தாள். அண்ணி ஒவ்வொரு முறையும் ஏதோ வேலையாக எழுந்து போனாள். கோபமா, வேண்டாமென்றா என்று புரியவில்லை. கடைசியில் ஒருநாள் காலை, பண்ணைக்குக் கிளம்பும் அவசரத்தில் தலையை வாரிக்கொண்டே சொன்னாள்:

"ஒரு மாடு கன்னு போடுற நேரம். நான் போயே ஆகணும். நீ அவர்கூட இரு."

பொடிசு அதிர்ந்துபோனாள். "நானா?"

"வேற யாரு இருக்கா?"

"என்னை நம்பி..."

"நம்பிக்கையெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்." அண்ணி சீப்பைப் பையில் போட்டாள். "தாகம்னு கேட்பாரு. அழுவாரு. அசிங்கமாத் திட்டுவாரு. உதட்டை ஈரத்துணியால துடைச்சு விடு, அதுக்கு மேல ஒண்ணும் கிடையாது. தாங்குவியா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டாள்.

வெயில் ஜன்னலுக்கு ஏறியபோது அப்பா விழித்தார். முகம் வற்றி, எலும்பு தெரிந்தது. பொடிசுவைப் பார்த்ததும் கண்ணில் பழைய குறும்பு மின்னியது. வாசல் பக்கம் ஒரு தடவை நோட்டம் விட்டார்.

"அவ போயிட்டாளா?"

"போயிட்டாங்கப்பா."

"சரி, கொண்டா. ஒரு வாய் போதும்."

"இல்லப்பா."

அவர் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். "அட, சும்மா குடுடா."

"குடுக்க மாட்டேன்பா." ஈரத்துணியை எடுத்து அவர் உதட்டருகே கொண்டுபோனாள்.

அவர் துணியைத் தட்டிவிட்டார். அந்தக் கண்களில் வந்த வெறுப்பை அவள் இதற்கு முன் பார்த்ததே இல்லை. அதாவது, தன்னை நோக்கி. "நீயும் அவகூடச் சேர்ந்துட்டியா? எல்லாரும் சேர்ந்து என்னைக் கொல்லப் பார்க்கிறீங்களா?"

அண்ணி இதை எத்தனை காலம் கேட்டிருப்பாள்? கேட்டுவிட்டுத் திரும்பி அடுக்களைக்குப் போய், அவருக்கே சூப் வைத்திருப்பாள்.

அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பொடிசு கீழே விழுந்த துணியை எடுத்து அலசிப் பிழிந்தாள். நாற்காலியை அவர் முதுகுக்கு அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவர் மறுபடி கேட்பதற்காகக் காத்திருந்தாள்.